பின்னறை விருந்தாளி

கத்தரிச் செடிகள் நின்ற நிலையிலேயே வாடின. பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்தன. மண்ணுக்குள் வெள்ளைப் புழு. பெரியவரின் மருமகள் பூச்சிமருந்துக் கடைக்குப் போகவில்லை. புழுவைக் கொல்லும் பூசணத்தின் வித்துகளை ஆய்வகத்தில் வாங்கி, அரைவேக்காட்டுச் சோற்றில் கலந்து, பைகளில் கட்டிப் பின்னறையில் அடுக்கினாள்.

பெரியவருக்கு வேலை பிடித்தது. பெயர்தான் தொண்டையில் சிக்கியது.

"பூசணம் வளக்கற வீடுன்னு வெளியே தெரிஞ்சா நம்ம காயை எவன் தொடுவான்? அந்த வார்த்தை இந்த வாசப்படி ஏறக்கூடாது."

"அப்போ என்னன்னு சொல்றது மாமா?"

"விருந்தாளின்னு சொல்லு."

அன்றிலிருந்து விருந்தாளிக்கு வெயில் ஆகாது என்று திரை இழுக்கப்பட்டது. மாலையில் பெரியவர் உள்ளே போய் நிற்பார். சோற்றுப் பருக்கைகளின் மேல் வெள்ளை இழைகள் மூச்சு விட்டதுபோல் படர்ந்து, மெல்ல மெல்லப் பச்சை பூத்தன. நனைந்த மண்ணின் வாசனை. அறையே ஏதோ கனவு காண்பதுபோலிருக்கும். யாரும் சொல்லாமலே அவர் குரல் தாழ்ந்துவிடும்.

வினை மண்டியில் வந்தது. காய் இறக்கப் போன மருமகள் அங்கிருந்தே புருஷனிடம் போனில் சொன்னாள்: "விருந்தாளி உடம்பு பூரா பச்சையாயிட்டாரு. வெயில் தாழ்ந்ததும் தோட்டத்துல புதைச்சிடலாம். மாமா மண்ணைக் கூட நனைச்சு வச்சிட்டாரு."

அது காதில் விழுந்த மண்டிக்காரர் கல்லாவைப் பூட்டாமல் கிளம்பிவிட்டார். பெரியவர் வீட்டு வாசலில் வந்து நின்றவர் உட்காரவில்லை.

"ஐயா, நம்ம பழக்கம் இன்னைக்கு நேத்து வந்ததில்ல. மறைக்காம சொல்லுங்க. உள்ள யாரு?"

"விருந்தாளி."

"உயிரோட இருக்காரா?"

பெரியவரின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. ஆளைக் கொன்ற வீடு என்ற பேரா, பூசணம் பிடித்த வீடு என்ற பேரா? குடும்ப மானத்தை இப்படி நிறுத்துப் பார்க்க நேரும் என்று அவர் நினைத்ததே இல்லை. 

"பூசணம்" என்றார்.

"என்னதுங்க?"

"பூசணம்யா. என் வீட்டுல பூசணம் வளக்கறோம். வந்து பாரு."

திரை விலகியது. பச்சை மங்கலில் மண்டிக்காரர் பைகளைக் குனிந்து பார்த்தார். பிறகு அவரும் ரகசியக் குரலில் கேட்டார்: "தூங்குதா?"

"புழுவைத் தொட்டாத்தான் முழிக்கும். உள்ள புகுந்து வளந்து, புழுவைக் கட்டையா வெறைக்க வச்சிடும். செடியை ஒண்ணும் பண்ணாது."

"கேக்கறவங்ககிட்ட நான் என்ன சொல்ல?"

"உள்ளதைச் சொல்லு. வாங்கறவன் வாங்கட்டும். பொய்ப் பேர் வச்சு நம்ம வீட்டுல எதையும் வித்ததில்ல."

வெயில் தாழ்ந்தது. எருவில் கலந்த பச்சைத்தூள் ஈர மண்ணுக்குள் இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத நூல்கள் இருட்டுக்குள் வேர் வேராகத் தடவிக்கொண்டு போவதைப் பெரியவர் உள்ளங்காலில் உணர்ந்தார். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. வரப்பில் அவர் நிமிர்ந்தே நின்றார். குனிந்து தூவிக்கொண்டிருந்தவர் மண்டிக்காரர்.