பூசையில் வைத்த ஆகாசக்கப்பல்

இந்தியாவில் சொந்த ஊருக்குப் போன இடத்தில் பட்டாளத்துக்கு மூட்டை சுமக்கும் கூலிப்படையில் சேர்ந்து பஸ்ரா சண்டைக்குப் போன கன்னையா, உயிரோடு திரும்பிப் புளத்கொகுபிட்டிய ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் கால் வைத்தபோது, மகள் புஷ்பம் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? தவழ்கிற வயதில் விட்டுப் போனவன். மாதங்கள் போயும் அவன் அவளுக்கு 'அந்த ஆளு'தான். தாய் வெள்ளையம்மா அதட்டினால் வாயை மூடிக்கொள்வாள், அவ்வளவே. சண்டையில் படாத அடி அந்த ஒரு சொல்லில் பட்டது கன்னையாவுக்கு.

ஒருநாள் சும்மா இருக்க மாட்டாமல் சுவரில் கரித்துண்டால் ஆகாசக்கப்பல் ஒன்றைக் கிறுக்கினான். புஷ்பம் தானாகவே கிட்ட வந்து, அதுபோல ஒன்று செய்து தரச்சொன்னாள். கேட்டதுதான் கேட்டாள், ஒரு மாட்டுவண்டி கேட்டிருக்கக் கூடாதா? அவன் கிறுக்கியது பஸ்ராவில் தாழப் பறந்து வந்து சுட்ட சண்டைக் கப்பல். பக்கத்தில் படுத்திருந்த கூட்டாளி பிறகு எழுந்திருக்கவே இல்லை. இன்றைக்கும் வெயிலில் ரப்பர் காய் வெடித்தால் கன்னையா நின்ற இடத்திலேயே குந்திவிடுவான். பால் வெட்டுகிறவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் மகள் முதல்முதலாகக் கேட்டதை இல்லை என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்?

கூட்டாளி செத்த அன்று சாயங்காலமே அந்தக் கப்பலைச் சுட்டு வீழ்த்தினார்கள். விழுந்ததைக் கயிறு கட்டி இழுத்தவர்களில் அவனும் ஒருவன் என்பதால் அதன் நீள அகலம் அவன் கைக்குத் தெரியும். முழத்துக்கு ஒரு விரற்கடை என்று கணக்குப் போட்டு மூங்கிலைச் சீவினான். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை. பழைய வேட்டித் துணியை இழுத்துப் பிடித்து ஒட்ட, புஷ்பம் சிரட்டையில் ரப்பர் பால் கொண்டுவந்து பூசினாள். சக்கரத்துக்கு மாவனல்லைத் துணி வியாபாரி தாஸிம் இரண்டு கோட்டுப் பொத்தான் கொடுத்தார். மழையில் பால் காயவில்லை. ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடத்தில் தொங்கவிட்டால் என்ன என்றாள் மகள். தொங்கவிட்டார்கள், வெள்ளைக் கப்பல் கருப்பட்டி நிறத்தில் வெளியே வந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கப்பலின் மூக்குக்கு மேல் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று பிறகு கேட்டாள். அங்கே துப்பாக்கி இருந்தது என்றான். மறைக்க மனம் வராமல், கூட்டாளி செத்ததையும் சொன்னான். அவள் கப்பலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கெட்டது காரியம், இனிமேல் கிட்ட வரமாட்டாள் என்று கன்னையா அன்றைக்குச் சோறும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆயுத பூசை வந்தது. ரப்பர் ஸ்டோரில் பால்வெட்டும் கத்திகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். நடுவில் ஆகாசக்கப்பல், நெற்றியில் பொட்டோடு. கன்னையாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஆளக் கொன்னதக் கும்புடவா வச்சிருக்கே?" என்று எடுக்கப் போனான். புஷ்பம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கும்புட இல்ல. பூசையில வச்சத எடுத்து வேல செய்யக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு. கத்தியெல்லாம் நாளைக்கி எடுத்துருவாங்க. இத எடுக்கவே வேணாம், அப்பா."

வெளியே ரப்பர் காய் ஒன்று படீரென்று வெடித்தது. கன்னையா குந்திவிட்டான். பிடித்த கையை விடாமல் புஷ்பமும் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

மறுநாள் கத்திகள் எல்லாம் பால் வெட்ட மலைக்குப் போயின. ஆகாசக்கப்பல் போகவில்லை.