அலமாரிக்குள் இடுக்கி அத்தை

பல் டாக்டரம்மாவைப் புத்தகத்தில் போட்டவள் வேறு யாருமில்லை, அவருடைய சொந்தத் தம்பி மனைவிதான். குழந்தைகளுக்குக் கதை எழுதிப் படம் வரைகிறவள். அவள் வளர்க்கும் குண்டூசி என்ற பூனை பண்ணுகிற அட்டகாசத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டுப் புத்தகமாக்கிவிட்டாள். அதில்தான் இடுக்கி அத்தை வருகிறாள். நீள மூக்கு, நுனியில் தொங்கும் கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு இடுக்கி. வருகிறவர் போகிறவர் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். கடைசியில் குண்டூசியின் வாயிலும் கை வைப்பாள். அது அத்தையை அலமாரிக்குள் தள்ளி மூடிவிட்டு, கதவில் சாய்ந்தபடி தூங்கிப்போகும். அதோடு புத்தகம் முடிந்தது. அத்தை உள்ளேயேதான் இருக்கிறாள்.

புத்தகம் சக்கைப்போடு போட்டது. கிளினிக்குக்கு வரும் வாண்டுகள் நாற்காலியில் சாய்ந்ததும் வாயைத் திறக்காமல், "அலமாரியிலேர்ந்து எப்படி வந்தீங்க?" என்று கேட்டன. சொந்தக்காரர்கள் கூடிய இடத்திலெல்லாம் இதே பேச்சு. டாக்டரம்மா சிரிக்காவிட்டால் சிடுமூஞ்சி. சிரித்தாலோ, "பாத்தியா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்றார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மதியம் நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் தம்பி வீட்டுக்குக் கிளம்பினார். நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்றே வந்தார்.

தம்பி மனைவி நாலாவது மாடி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கைப்பையை சோபாவில் வைத்துவிட்டு அங்கே போனார். காலைச் சுற்றிக்கொண்டு பூனையும் வந்தது. அதன் ரோமம் பட்டாலே அவருக்குத் தும்மல். அதை உள்ளே தள்ளிவிட்டு, கண்ணாடிக் கதவை அவரே இழுத்துச் சாத்தினார்.

"அந்தப் புத்தகத்தப் பத்திப் பேசணும்."

"சொல்லுங்க அண்ணி."

சொல்வதற்குள் உள்ளே டக்கென்று ஒரு சத்தம். குண்டூசி சோபாவின் கைமேல் ஏறி நின்று, கதவின் கைப்பிடியில் முன்னங்கால் இரண்டையும் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கைப்பிடியைக் கீழே அழுத்தினால் கதவு பூட்டிக்கொள்ளும். வேலையை முடித்துவிட்டுப் பூனை இறங்கிப்போய், டாக்டரம்மாவின் கைப்பைமேல் சுருண்டு படுத்தது. பைக்குள்தான் போன் இருந்தது. தம்பி மனைவியின் போன் அடுக்களையில்.

கதவைத் தட்டினார்கள். குண்டூசி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. எதிர்ப் பால்கனியில் ஒரு சிறுமி தலையை நீட்டினாள். இவர்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அம்மா, இங்க வந்து பாரேன். இடுக்கி அத்தை மாட்டிக்கிட்டாங்க."

அம்மா வந்தாள், பின்னாலேயே வீடே வந்தது. தம்பி மனைவி புருஷனின் நம்பரைக் கத்திச் சொல்ல, அந்த அம்மா போன் பண்ணினாள். வேலையை விட்டு வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்று பதில் வந்தது. அப்புறமும் அவர்கள் உள்ளே போகவில்லை. ஓசியில் வேடிக்கை கிடைத்தால் யார் விடுவார்கள்?

டாக்டரம்மா ஈரப் போர்வைக்குப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார். வெயில் அங்கேயும் வந்தது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. அதைப் பார்த்துத் தம்பி மனைவி பயந்துபோனாள்.

"அண்ணி, உக்காருங்க. என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. அந்த அத்தைய அலமாரியிலேர்ந்து வெளிய விடு. அதக் கேக்கத்தான் வந்தேன்."

தம்பி மனைவி கொடிக் கயிற்றில் க்ளிப்பை மாட்டி மாட்டி எடுத்தாள். "புத்தகத்த ரெண்டாவது தடவையும் அச்சடிச்சு முடிச்சுட்டாங்க அண்ணி. இனி மாத்த முடியாது. நீங்க வருத்தப்படுவீங்கன்னு தெரியாது. அவர்தான் சொன்னாரு, சின்ன வயசுல உங்கள அலமாரில வெச்சுப் பூட்டினேன்னு. விழுந்து விழுந்து சிரிச்சாரு. அதான் போட்டேன்."

"எவ்வளவு நேரம் பூட்டினான்னு சொன்னானா?"

"இல்லயே."

"மத்தியானம் பூட்டினான். சாயங்காலம் வரைக்கும் உள்ளதான் இருந்தேன். தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு. அப்புறம் இருட்டுல நாக்கால பல்ல எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒண்ணு ஆடிட்டு இருந்துச்சு. எண்ணி எண்ணியே அது விழுந்துடுச்சு. கீழ எங்க விழுந்துச்சுன்னு தெரியல, தேடிக்கிட்டே அழுதேன்."

தம்பி மனைவி போர்வையை உருவி, எதிர்ப்பக்கம் தெரியாதபடி பால்கனிக் கம்பியில் விரித்துப் போட்டாள். பிறகு டாக்டரம்மா பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

தம்பி வந்து சேர்ந்தபோது இருவர் முகமும் வெயிலில் சிவந்து கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கதவைத் திறந்தவன் வழிவிடாமல் உள்ளே நின்றபடியே போனை நீட்டினான்.

"அக்கா, அப்படியே இரு. ஒரு போட்டோ. இத யாரும் நம்ப மாட்டாங்க."

"வெயில் மூஞ்சில அடிக்குது. இந்தப் பக்கம் வந்து எடு" என்றாள் அவன் மனைவி.

அவன் பால்கனிக்கு வந்தான். அவள் டாக்டரம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். கைப்பிடியை அழுத்தியது டாக்டரம்மாதான்.

அவன் சிரித்தான். தட்டினான். மறுபடி சிரித்தான். பிறகு எதிர்வீட்டுக் கூட்டம் போர்வைக்கு மேலே தெரிந்த அவனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டான்.

"போதும், திற அக்கா."

டாக்டரம்மா கண்ணாடிக்கு அருகில் போய் நின்றார். "அன்னிக்கு என்னைய அலமாரில வெச்சுப் பூட்டினியே. அப்புறம் எங்க போன?"

அவன் யோசித்தான். முகத்திலிருந்த விளையாட்டு மெல்ல வடிந்தது. "பந்து விளையாடக் கூப்பிட்டாங்க. போயிட்டேன். உன்னப் பூட்டினதே மறந்துபோச்சு."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக அவர் மனதில் அவன் கதவுக்கு வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அங்கே யாருமே இருந்திருக்கவில்லை. இரண்டில் எது மேல் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

கைப்பிடியைத் தூக்கினார். அவன் உள்ளே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அப்ப யாரு வந்து திறந்தாங்க?" என்று கேட்டான்.

"போர்வை எடுக்க அம்மா வந்தாங்க. 'இங்க என்னடி பண்ற'ன்னு கேட்டாங்க."

தம்பி மனைவி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். டாக்டரம்மா முழுவதையும் குடித்தார். பிறகு பூனையை நகர்த்திப் பையிலிருந்து போனை எடுத்து, தும்மிக்கொண்டே கிளினிக்குக்குப் பேசினார்.

"இருக்கறவங்கள நாளைக்கு வரச் சொல்லுங்க. நான் இன்னிக்கு என் தம்பி வீட்லயே இருக்கேன்."