இருபத்திரண்டு பதில்

கண்ணாடி பாட்டில் கம்பெனியில் அவளுக்குப் பட்டப்பெயர் பதில்காரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குதாரர்கள் தொலைபேசியில் கூடுவார்கள். யார் என்ன கேட்பார்கள் என்று முன்னாலேயே யோசித்து, முதலாளிக்குப் பதில்களை அட்டையில் எழுதித் தருவது அவள் வேலை.

இந்த முறை இருபத்திரண்டு அட்டை. நான்கில் மட்டும் வழக்கம்போல, "இப்போது தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தாள். புதிதாக வந்த ஆலோசகர் சிவப்புப் பேனாவால் நான்கையும் அடித்துத் தள்ளி, அவற்றுக்கு வேறு அட்டை எழுதி வைத்தார்.

"என்னம்மா இது, முதலாளி வாயால தெரியாதுன்னா? பணம் போட்டவன் பயந்து ஓடிடுவான்."

"ஆறு வருஷமா அப்படித்தான் சொல்றார் சார். அடுத்த தடவை மறக்காம பதிலும் சொல்லிடுவார். ஒருத்தரும் ஓடல."

"அப்பல்லாம் உலை விரிசல் விடல."

மூன்றாவது உலை அணைந்து ஒன்பது நாள். திரும்ப எப்போது எரியும் என்று உலைக்காரர்களுக்கே தெரியாது. வெளியே மூச்சு விட்டால் வேலை போகும், சட்டமும் பிடிக்கும்.

அவளை உறுத்தியது சட்டமல்ல, தாய்மாமா. முப்பது வருஷம் லாரி ஓட்டிச் சேர்த்ததையெல்லாம் இந்தக் கம்பெனிப் பங்கில் போட்டு வைத்திருந்தார். அதுவும் மருமகள் முகத்துக்காக அல்ல. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ற மனுஷன்டி உங்க முதலாளி. அவர் ஓட்டுற வண்டியில கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்" என்பார்.

பதினொரு மணிக்கு முதலாளி அறையில் தொலைபேசிக் கூட்டம் தொடங்கியது. முதலாளியின் குரல் எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் திறந்து மூடியது. உலையைப் பற்றி ஒருவர் கேட்டார்.

"வழக்கமான பராமரிப்புதான். எல்லாம் கட்டுக்குள்ள இருக்கு."

ஆலோசகர் கட்டைவிரலை உயர்த்தினார்.

கடைசியாக ஒரு கரகரத்த குரல். "ஐயா, நான் சின்னப் பங்குதாரன். லாரி ஓட்டினவன். ஒரே கேள்வி. இன்னிக்கு உங்களுக்குத் தெரியாத விஷயம் ஏதாவது இருக்குங்களா?"

மாமா!

முதலாளி அட்டைகளைப் புரட்டினார். இருபத்திரண்டிலும் இதற்குப் பதில் இல்லை. பதில்காரியை நோக்கிக் கை நீண்டது. தன்னிடமே வைத்திருந்த, சிவப்புக் கோடு விழுந்த பழைய உலை அட்டையை அவள் நகர்த்தினாள். அவர் படித்தார். உதடு பிரிந்தது. எதிரே ஆலோசகர் தலையை ஆட்டினார்: வேண்டாம்.

"அப்படி எதுவும் இல்லீங்க."

"சரிங்க. ரொம்ப நன்றி."

கூட்டம் முடிந்ததும் அவள் படிக்கட்டுக்கு ஓடி மாமாவை அழைத்தாள்.

"மாமா..."

"நீ ஒண்ணும் சொல்லாதே தாயி. நானும் கேக்க மாட்டேன். பழைய வண்டி ஒரு சத்தம் போட்டுக்கிட்டேதான் ஓடும். அந்தச் சத்தம் திடீர்னு நின்னா டிரைவர் ஓரம் கட்டணும். இன்னிக்கே வித்துடறேன்."

"நான் சொல்லித்தான் வித்தீங்கன்னு சொல்லுவாங்க மாமா."

"நான் கேட்டதையும் அவர் சொன்னதையும் ஊரே கேட்டுச்சே!"

"அவர் நல்லவர் மாமா."

"நல்லவர்தான். அதான் வயிறு எரியுது."

அவள் திரும்பி வந்தபோது ஆலோசகர் சிரித்துக்கொண்டிருந்தார். "பிரமாதம் சார்! ஒரு தடுமாற்றம்கூட இல்ல."

முதலாளி அந்த அட்டையை இன்னும் கையில் வைத்திருந்தார். "நான் அவங்களைக் கேக்கறேன்." பதில்காரி பக்கம் திரும்பினார். "எப்படிம்மா இருந்தது? நம்பினாங்களா?"

பதில்காரியிடம் பதில் இருந்தது. படிக்கட்டிலிருந்து கொண்டுவந்த பதில்.

"எனக்குத் தெரியல சார்."

அவர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.