நிருபர் வீடு

பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த புடவைகளை எல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, செந்தாமரை அடியில் கையை விட்டுத் துழாவினாள். ரேஷன் அட்டை வந்தது. மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்தது. கேஸ் புத்தகம் வந்தது. கணவர் மருதையனின் படம் மட்டும் வரவில்லை.

வெளியே கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் படுத்திருந்தார். காலையில் பல் விளக்கிவிட்டு வந்து, நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது, ஒரு வாய் சுடுதண்ணீர் கொடு என்று கேட்டவர், அவள் சொம்போடு திரும்புவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸில் வந்த பையன் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை என்று மெதுவாகச் சொன்னான். அந்தச் சொம்பு இன்னும் அடுப்படி மேடையில்தான் இருந்தது.

மகள் பரிதி அறை வாசலில் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மறுபடியும் கூப்பிட்டார் என்றும், படம் அனுப்பினால்தான் மதியத்துக்குள் அடித்துத் தர முடியும் என்கிறார் என்றும் சொன்னாள். தேடிக்கொண்டுதானே இருக்கிறேன் என்றாள் செந்தாமரை.

சுவரில் கல்யாணப் படம் இருந்தது. அதில் இருந்த ஒல்லிப் பையனைப் பார்த்தால் இன்றைக்கு யாருக்கும் அடையாளம் தெரியாது. வாக்காளர் அட்டையில் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து, போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்ட வேண்டிய மூஞ்சி என்று அவரே சிரித்திருக்கிறார். அது ஒரு காலத்துச் சிரிப்பு. பிறகு அப்படியே நடந்தும்விட்டது.

குத்தாலத்துக்குத் தெற்கே அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும் மாலை போட்ட படங்களில் பாதி மருதையன் எடுத்தவை. நாற்று முடிச்சோடு சிரிக்கிற பெண்கள், பரிசுக் கோப்பையோடு நிற்கிற பிள்ளைகள், மகன் துபாய்க்குப் போகிற அன்று தலை சீவிக்கொண்டு உட்கார்ந்த அப்பன்மார் என்று எல்லாரையும் எடுத்தார். அவர் எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றார். அவரை எடுக்க ஆளில்லை. மற்றவர்கள் எடுத்து அனுப்பிய ஒன்றிரண்டும் அவருடைய போனில்தான் இருந்தன. அந்த போன் வழக்குச் சொத்தாகக் கோர்ட்டில் இருந்தது.

அந்தத் தெற்குத் தெருவிலிருந்து பத்திரிகைக்குப் போன முதல் ஆள் மருதையன். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் அறுத்தவர்கள். அவர் பகுதிநேர நிருபர் ஆவதற்கு முன்னால் அந்தத் தெரு பத்திரிகையில் வந்ததில்லை என்று சொல்ல முடியாது, வந்தது. தீப்பிடித்தால் வந்தது, அடிதடி நடந்தால் வந்தது. 'கூலித் தொழிலாளி ஒருவர்', 'இரு தரப்பினர்', 'பெண் ஒருவர்' என்று வந்தது. மருதையன் வந்த பிறகு பேர் வந்தது. அதுவும் இனிஷியலோடு.

அந்தப் பேர்களில் பாதி செந்தாமரை கொடுத்தவை. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பதற்கு முன்னால் அவள் எல்லாப் பெண்களோடும் வரிசையில் நின்று நடவு நட்டவள். யாருக்கு யார் மாமியார், எந்த வாய்க்கால் எங்கே பிரிகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாப்பிட உட்கார்ந்தால் எழுதியதைப் படித்துக் காட்டுவார். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, அவள் வசந்தா இல்லை வசந்தி என்பாள். அந்த மதகு வடக்கே பார்த்து இருக்கிறது, கிழக்கே இல்லை என்பாள். அவர் திருத்தி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். "ஆறின சோத்த திங்கறதுக்குன்னே ஒரு வேல பாக்குறீங்க" என்று அவள் திட்டுவாள். அவர் அந்த ஆறின சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார்.

வழக்கு வந்தது குளத்தால். ஊர்க் குளத்தைத் தூர் வாருகிறோம் என்று அனுமதி வாங்கிய ஒப்பந்தக்காரர், மேலே இருந்த சேற்றை விட்டுவிட்டு அடியில் இருந்த மண்ணை லாரி லாரியாக அள்ளினார். பனை உயரத்துக்குப் பள்ளம் விழுந்தது. மழைக்கு அது நிறைந்து, பழைய குளம் மாதிரியே சாதுவாகக் கிடந்தது. துணி துவைக்க இறங்கிய ராமாயி மேலே வரவில்லை. கால் தவறி விழுந்த பெண் பலி என்று எல்லாப் பத்திரிகைகளும் போட்டன. ராமாயிக்கு வலிப்பு உண்டு என்று சொல்லச் சொல்லி அவள் புருஷன் சாமிதுரையிடம் இரண்டு பேர் வந்து போனார்கள். மருதையன் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் குளத்தில் இறக்கி, ஈரம் ஏறிய அளவைப் படம் பிடித்து, அனுமதித் தாளில் இருந்த ஆழத்தைப் பக்கத்தில் போட்டு எழுதினார். சாமிதுரை தன் பேரைப் போடச் சொன்னான். போட்டார்.

அடுத்த வாரம் போலீஸ் ஜீப் வந்தது. செய்தி போடாமல் இருக்கப் பணம் கேட்டு மிரட்டியதாக ஒப்பந்தக்காரர் புகார் கொடுத்திருந்தார். பத்திரிகையில் கேட்டதற்கு, அவர் எங்கள் ஊழியர் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மயிலாடுதுறையில் வேறு பத்திரிகையில் இருந்த அஸார் கொஞ்சம் பேரைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் முன்னால் வாயில் கறுப்புத் துணி கட்டி உட்கார்ந்தான். ஜாமீனில் வந்த பிறகு மருதையனுக்குப் பத்திரிகை இல்லை. ஆனாலும் விடிந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சேர்த்த செய்தியை அஸாரிடம் கொடுத்தார். அவன் பேரில் வந்தால் என்ன, சேதி வந்தால் சரி என்றார். வழக்கு முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. அவர்தான் முடிந்துபோனார்.

அஸார் பத்து மணி வாக்கில் வந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றான். பிறகு படம் இல்லை என்ற விஷயம் காதில் விழுந்ததும், கொஞ்சம் தயங்கிவிட்டு, தன்னிடம் ஒன்று இருக்கிறது என்றான்.

"ஆனா அக்கா, அது அண்ணன கூட்டிட்டுப் போன அன்னிக்கு யாரோ எடுத்து எனக்கு அனுப்புனது."

போனை வாங்கிப் பார்த்தாள். ஜீப்பின் பின்கதவுக்குப் பக்கத்தில் மருதையன். தோளில் ஒரு போலீஸ்காரரின் கை. மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. அவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சிரிப்பு. கண்ணோரத்துச் சுருக்கமெல்லாம் அப்படியே விழுந்திருந்தது.

செந்தாமரையின் அண்ணன் துரைராசு எட்டிப் பார்த்தார். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதில் கவனமான மனிதர். போலீஸ் கையோடு ரோட்டில் பேனர் வைத்தால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பார்க்க மாட்டார்களா, பரிதிக்கு இன்னும் கல்யாணம் முடியவில்லையே என்றார். கல்யாணப் படத்தையே போடலாம், இல்லையென்றால் கடைக்காரன் கம்ப்யூட்டரில் அந்தக் கையை எடுத்துவிடுவான் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

செந்தாமரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் அது துணிச்சலான சிரிப்பு என்று நினைத்தார்கள். அஸாரும் அப்படித்தான் நினைத்திருந்தான். அதனால்தான் அழிக்காமல் வைத்திருந்தான். நடந்தது அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் படிக்கிற கண்ணாடியை மேசையில் விட்டுவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். அவள் கையில் மாவோடு கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினாள். ஊரே கூடி நின்றது. இன்ஸ்பெக்டர் நின்றார். அவள் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடியை நீட்டி, "படிக்காம எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க" என்று கத்தினாள். ஊரில் அத்தனை பேரிடமும் அவர் காலமெல்லாம் சொல்லித் திரிந்த வார்த்தை அது. அவரிடமே திரும்பி வந்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இதையே அனுப்பு தம்பி" என்றாள்.

"கைய எடுத்துடச் சொல்லவா அக்கா?"

"வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

துரைராசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பரிதி, "மாமா, இந்தப் படத்தப் பாத்துட்டு வராதவன் வரவே வேணாம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, பேனர் கட்டச் சவுக்குக் கழி வேண்டுமே என்று தேடிக்கொண்டு அவரே போனார்.

மதியத்துக்கு மேல் பழைய பத்திரிகையின் மாவட்ட நிருபர் ராஜ்குமார் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். அவரைக் கண்டதும் அஸார் எழுந்து வெளியே போய்விட்டான். ராஜ்குமார் மாலையைப் பெட்டி மேல் வைத்துவிட்டு, செந்தாமரைக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், மருதையன் அவரைக் குறை சொன்னதே கிடையாது, அவரும் சம்பளக்காரர் என்பார். நாளைக்குச் செய்தி வருகிறது, முன்னாள் பகுதிநேர நிருபர் என்று போடச் சொல்லியிருக்கிறார்கள், நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

செந்தாமரைக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. களைப்பாக இருந்தது.

"அன்னிக்கு உங்க ஆளு இல்லன்னீங்க சார். இன்னிக்கு உங்க ஆளுன்னு போட வேணாம். பத்திரிகையாளர் க. மருதையன்னு போடுங்க, போதும். அவரு அதுவாத்தான் இருந்தாரு."

ராஜ்குமார் சரி என்றார். இனிஷியலை மறக்காமல் போடுங்கள் என்று பரிதி சொன்னாள். அப்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகும்போது வெயிலில் நிற்காதீர்கள், மோர் குடித்துவிட்டுப் போங்கள் என்று செந்தாமரைதான் சொல்லி அனுப்பினாள்.

பறைச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் எல்லாரும் எழுந்தார்கள். கொள்ளிச்சட்டியைப் பரிதி எடுத்தாள். அவர் உயிரோடு இருக்கும்போதே அதை ஒரு பேச்சாகச் சொல்லி வைத்திருந்தார், அவருடைய அண்ணன் பிள்ளைகளும் மறுக்கவில்லை. பாடையின் முன்பக்கத்துக்கு ஆள் சேர்வதற்குள் சாமிதுரை வந்து தோளைக் கொடுத்துவிட்டான். ஊர்த்தெருவிலிருந்தும் சிலர் வந்து பின்னால் நடந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பாலத்தில் ஏறியபோது பூக்கள் தண்ணீரில் விழுந்து வயல் பக்கமாகப் போயின. பரிதியைத் தவிர மற்ற பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டு, பெண்கள் ஒவ்வொருவராகக் குளித்து வந்தார்கள். அண்ணி செந்தாமரையின் தலையில் தண்ணீர் ஊற்றி, புடவை மாற்றி, கூடத்தின் மூலையில் உட்கார வைத்தாள். அப்போதுதான் செந்தாமரை ஒரு பெண்ணைப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் காய்ந்த முகம், மடியில் ஒரு மஞ்சள் பை. பாடை எடுப்பதற்கு முன்னாலிருந்தே அவள் அங்கே இருந்தாள். மற்றவர்களோடு சேர்ந்து அழுதாள். மருதையன் வழி உறவு என்று செந்தாமரை வீட்டார் நினைத்தார்கள். செந்தாமரை வழி உறவு என்று மருதையன் வீட்டார் நினைத்திருந்தார்கள்.

நீங்கள் எந்த ஊர் என்று செந்தாமரை கேட்டாள். திருக்கடையூருக்குக் கிழக்கே என்று அவள் ஒரு சிற்றூரின் பேரைச் சொன்னாள். குந்தவை என்று தன் பேரையும் சொன்னாள். எப்படித் தெரியும் என்றதற்கு, ஒன்றுமில்லை, சும்மாதான் வந்தேன், நான் கிளம்புகிறேன் என்று எழுந்தாள். கடைசி பஸ்ஸை விட்டுவிடுவேன் என்றாள். செந்தாமரை அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சொல்லுங்க. சும்மா யாரும் ரெண்டு பஸ் மாறி வர மாட்டாங்க."

அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். வீட்டுக்குப் பக்கத்தில் இறால் குட்டை போட்டிருக்கிறார்கள். கொல்லையில் போட்ட கத்தரிச் செடியெல்லாம் கருகிவிட்டது. ஆபீசில் சொன்னால், தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். குத்தாலத்துப் பக்கம் ஒரு நிருபர் இருக்கிறார், எழுதுவார் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். இறங்கி நிருபர் வீடு எது என்று கேட்டால் எல்லாரும் வழி காட்டினார்கள். எதற்காக வந்தேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"வந்து பாத்தா இப்படி. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலைங்க. உக்காந்து அழுதேன்."

மடியில் இருந்த பையில் என்ன என்று செந்தாமரை கேட்டாள். அவள் ஒரு தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்தாள். கிணற்றுத் தண்ணீர், சொன்னால் நம்ப மாட்டார் என்று பிடித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது.

அண்ணி உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வரும் பேச்சுச் சத்தம் வாசலில் கேட்டது. செந்தாமரை பாட்டிலை வாங்கித் திருகித் திறந்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தாள். உப்புக் கரித்தது.