கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மி

1
இந்தக் கதை ஒரு மஞ்சள் கறையிலிருந்துதான் எனக்குக் கிடைத்தது. கித்துல்கலைப் பக்கம், தோட்டத்துப் பழைய ரப்பர் புகைக்கூடத்தைக் பழம்பொருட்களை வைத்துக் கிராமிய நூதனசாலையாக்கியிருக்கிறார்கள். (எந்தத் தோட்டம் என்று சொன்னால் ஒருவருக்கு வேலை போகும்.) அங்கே கயிறு கட்டி, ‘தொட வேண்டாம்’ என்று பலகை வைத்த அம்மியில் ஈர மஞ்சள் ஒட்டியிருந்தது.

2
‘மழை ஓய்ந்த மாலையொன்றில், மலைகளின் மடியிலே...’

வேண்டாம். இங்கே மழை எப்போது ஓய்ந்தது?

ஜெயம்மா ரப்பர் பால் வெட்டுகிறவள். மிக்சி வாங்கிய சந்தோஷத்தில் அம்மியை நூதனசாலைக்குக் கொடுத்தாள். (அவளைக் கொஞ்சம் அழவைக்கப் பார்த்தேன், ஒத்துழைக்கவில்லை.) லயத்து வீடுகளில் மற்றவர்கள் தங்கள் அம்மிகளைத் தண்ணீர் விழும் பீலியடியில் துணி துவைக்கப் போட்டார்கள்.

பிறகு மகள் ஷாமிளாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளைக்கு ஊர் பெல்மதுளை. தாலி கட்டியதும் பெண் அம்மி மிதிக்க, அவன் மெட்டி போட வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள்தான் அம்மியின் ஞாபகமே வந்தது. அழுக்குத்துணி அடித்த கல்லில் கல்யாணப் பெண் கால் வைப்பதா?

3
ஜெயம்மா நூதனசாலைக்கு ஓடினாள். பொறுப்பாளர் தினேஷ் கையை விரித்தான்.

“உள்ள வந்த சாமான் வெளிய போகக் கூடாதுங்க அக்கா. என் வேலை போயிரும்.”

“அப்ப எம்புள்ள மிக்சி மேலயா கால வைக்கும், தம்பி?”

தினேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயம்மா சிரிக்கவில்லை. அந்த அம்மியில்தான் அவளும் மெட்டி போட்டுக்கொண்டாள். கல்லின் குளிர்ச்சி இன்னும் உள்ளங்காலில் இருந்தது. மகளுக்கு அதைத் தன் கையாலேயே இல்லாமல் ஆக்கிவிட்டாள்.

4
முடிவு ஒன்று: தினேஷ் மனமிரங்கி அம்மியைத் தூக்கிக் கொடுக்கிறான். (அவன் பிள்ளைகளுக்கு நீங்களா சோறு போடுவீர்கள்?)

முடிவு இரண்டு: சம்பந்தி வீட்டார் ‘அம்மியெல்லாம் எதற்கு’ என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். (கதையென்றாலும் ஓர் அளவு வேண்டாமா?)

முடிவு மூன்று: கோயிலில் தாலி ஏறிய கையோடு, மேளம் முன்னே போக, கல்யாணக் கூட்டம் புகைக்கூடத்துப் பக்கம் திரும்ப, வாசலில் தினேஷ்...

5
மிச்சத்தை அவனிடமே கேட்டேன்.

“தொடக் கூடாதுன்னு போட்டிருக்குங்க. யாரும் கை வைக்கல,” என்றான்.

கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. கறையில் ஐந்து விரல்களும் தெளிவாகத் தெரிந்தன, கால் விரல்கள். நாளைக்கு மேலிடத்து ஐயா பார்வையிட வருகிறார். தினேஷ் ஈரத்துணியை என்னிடம் நீட்டினான். எனக்குக் கை வரவில்லை.

இந்தாருங்கள், நீங்கள் பிடியுங்கள். துடைப்பதென்றால் இப்போதே துடைக்க வேண்டும். ஜெயம்மா வாசலில் நின்று உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.