கீழ் வீட்டு வால்வு

அந்த ஜனவரியில் ஹார்பின் நகரத்து நான்காவது மாடி வீட்டில் குய்சென் செய்யாத வேலை இல்லை. ஜன்னல் இடுக்கு முழுக்க டேப் ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் இழுத்துக் கட்டினாள். வாசல் கதவுக்குப் பஞ்சு மெத்தை மாதிரித் தடித்த திரை போட்டாள். சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பின்னால் சுவரில் வெள்ளித்தாள் ஒட்டினாள். அப்படியும் வீட்டுக்குள் பதினான்கு டிகிரிக்கு மேல் ஏறவில்லை. தரையில் கால் வைத்தால் உச்சந்தலை வரை சில்லிட்டது. முழங்கால் தேய்ந்துபோன கணவன் தெஷுன், குளிர்கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டான்.

குழாய் வழியாக வீடுகளுக்குச் சூடு அனுப்பும் வெப்பக் கம்பெனிக்கு நான்கு முறை போன் செய்தபிறகு ஒரு ஆள் வந்தான். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான்.

"உங்களுது நல்லாத்தான் சுடுது அக்கா. கீழ் வீடுதான் காரணம். அவரு இந்த வருஷம் சூடு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாரு."

"வேண்டாம்னா?"

"வால்வை மூடி சீல் வெச்சிருக்கோம். கட்டணத்துல அஞ்சுல ஒரு பங்குதான் கட்டுவாரு. உங்க சூடும் ரெண்டாம் மாடிச் சூடும் அவரு வீட்டுக்குப் போயிடுது. சட்டத்துல இடம் இருக்கு, நாங்க என்ன செய்ய?"

குய்சென்னுக்கு முகம் சிவந்தது. மூன்றாம் மாடி செங்யே! குளிர்கால டயர் வியாபாரம் செய்து புதுக்கார் வாங்கியவன். கட்டட வாசிகளின் போன் குழுவில் 'சூட்டுச் செலவைக் குறைக்கப் பத்து வழிகள்' என்று எழுதிப் போட்டவன். வெள்ளித்தாள் யோசனையே அவனுடையதுதான். அதற்கு அவள் மூன்று பூங்கொத்துப் படம் வேறு அனுப்பியிருந்தாள்.

செருப்பைக்கூட மாற்றாமல் கீழே இறங்கிக் கதவைத் தட்டினாள். செங்யே மின்சாரப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு திறந்தான்.

"தம்பி, உன் பத்து வழியில பதினோராவது வழியை ஏன் எழுதலை?"

"எது அக்கா?"

"மேல் வீட்டுலயும் கீழ் வீட்டுலயும் திருடுற வழி!"

அவன் சிரித்தான். "சுவரைத் தாண்டித் தானா வருது. வராதேன்னு நான் சொல்ல முடியுமா? புத்தி உள்ளவன் பொழைச்சுக்கிறான். நீங்களும் அடுத்த வருஷம் எழுதிக் கொடுத்துடுங்க."

"எங்க வீட்டுக்காரருக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கு!"

"அவருக்கு ஒரு மின்சாரப் போர்வை வாங்கிக் கொடுங்க. ரொம்பச் செலவாகாது." கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் மேலே போகவில்லை. இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். அங்கே யாவென் எட்டு மாதக் குழந்தையைத் தன் கோட்டுக்குள்ளேயே வைத்துப் பொத்தான் போட்டிருந்தாள். குழந்தைக்கு ஒரு வாரமாக இருமல்.

"நான் வீடு கட்டினவங்க மேலதான் கோபப்பட்டுட்டு இருந்தேன் அக்கா," என்றாள் யாவென், விஷயத்தைக் கேட்டதும்.

"உன் அம்மா வீடு எங்கே?"

"இதே ஊருதான்."

"நாலு நாள் போய் இரு. நானும் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். ரெண்டு பேர் வால்வையும் மூடிட்டுப் போவோம். அப்புறம் அவனுக்கு எங்கேருந்து சூடு வருதுன்னு பார்க்கலாம்."

கம்பெனி ஆள் இன்னும் படியில் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். "நாலு நாள்ல குழாய் உறையாது. ஆனா கட்டின காசு திரும்ப வராது, சொல்லிட்டேன்," என்றான்.

"அந்தக் காசு தொலையட்டும்!" என்றாள் குய்சென்.

தெஷுன் முனகினான். "அடியே, நாம காசு கட்டிட்டு நாமளே வீட்டை விட்டுப் போறதா?"

"இங்க இருந்தா மட்டும் உனக்குச் சூடு வருதாய்யா? எந்திரி, சாக்ஸைப் போடு."

முதல் நாள் செங்யேயிடமிருந்து சத்தமே இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. "அக்கா, உங்க வீட்டுல ஏதாவது கோளாறா?" அவள் போனை வைத்தாள். மூன்றாம் நாள் அவன் வீட்டில் ஆறு டிகிரி. அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். நான்காம் நாள் செங்யே கூப்பிட்டுக் கம்பெனி ஆள் வந்து, அவன் வீட்டு வால்வில் வைத்த சீல் உடைத்துத் திறந்துவிட்டான். அதற்குச் செங்யே முழுத்தொகையும், மேலே அபராதமும் கட்ட வேண்டியிருந்தது.

குய்சென் திரும்பி வந்த அன்று செங்யே படிக்கட்டில் எதிர்ப்பட்டான்.

"பக்கத்துல குடியிருக்கிறவங்கன்னு கொஞ்சமாவது நினைச்சீங்களா அக்கா?"

அவள் கையிலிருந்த முட்டைக்கோஸைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாம் மாடிக் குழந்தை இருமினது உனக்குத் தரை வழியாக் கேட்டிருக்கும். ஒரு வாரமாக் கேட்டிருக்கும். அந்தக் குழந்தையோட சூட்டுலதானே காலை நீட்டிப் படுத்திருந்தே? இன்னொரு தடவை அக்கான்னு கூப்பிடாதே. என் பேரு சூ குய்சென். அப்படியே கூப்பிடு."

செங்யே சுவரோடு ஒதுங்கி வழிவிட்டான்.

இரண்டு நாளில் வீடு இருபது டிகிரிக்கு வந்தது. தெஷுன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "சூடு வந்துடுச்சே, இனிமே அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினா என்ன?" என்று கேட்டான். அப்படிக் கேட்டதற்காகத் தெஷுனோடும் அவள் அன்று முழுக்கப் பேசவில்லை.