பேர் சொன்னால் திரும்பும் சாமி

சுணைப்பட்டி எல்லைச்சாமி முதன்முதலாக ஊரைத் திரும்பிப் பார்த்தது இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். அன்றைக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் மிளகாய் வற்றல் விலை இறங்கியிருந்தது. சாமி எட்டடிக் கருங்கல் சிலை. கையில் அரிவாளுடன் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே கரட்டுக் குன்றைப் பார்த்து நிற்பார். காவலுக்கு நிற்கிறவர் வெளியேதானே பார்க்க வேண்டும்? பொங்கல் வைப்பது, கிடா வெட்டுவது எல்லாம் முதுகுப் பக்கம்தான். சுற்றிப் போய் முகத்தைப் பார்க்கிற உரிமை பூசாரிக்கு மட்டும். சாமிக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. ஐயா என்பார்கள், எல்லைக்காரர் என்பார்கள். பேர் சொன்னால் திரும்புவார், திரும்பினால் காவல் போச்சு. அதற்காகப் பெயர் அடியோடு மறந்துபோகவும் கூடாதே! வருடத்துக்கு ஒரு தடவை, மாசிக் களரித் திருவிழாவன்று, பூசாரி வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சாமியின் காதில் சொல்வார். சொன்னது சாமிக்கே விளங்காது. அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப் போவதில்லை. எனக்கும் வீடு வாசல் இருக்கிறது.

பூசாரி செல்லச்சாமியின் பெண்டாட்டி சோலையம்மாளுக்குச் சொல்லக் கூடாத பெயர்கள் இரண்டு, புருசன் பெயரும் சாமி பெயரும். சாமி பெயர் அவளுக்குத் தெரிந்ததே விபத்து. மஞ்சள்காமாலையில் செல்லச்சாமி பிதற்றியபோது காதில் விழுந்தது. அன்றிலிருந்து அதை நாக்குக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள். அவளுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. மூன்று போய் நாலாவதாகத் தங்கியவள் ரோஜா. தாயும் மகளும் சண்முகவேல் முதலாளியின் பயர் ஆபீசில் வேலை பார்த்தார்கள். பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். தீபாவளி சீசன், ஆர்டர் தலைக்கு மேல். லாரி வரவில்லை என்று கட்டிய அட்டைப்பெட்டிகளை, வெடிக்குத் திரி வைக்கிற திரி ரூம் வாசலில் அடுக்கியிருந்தார்கள். சோலையம்மாள் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்தபோது திரி ரூம் பிடித்துக்கொண்டது. உள்ளே ரோஜா.

"ஐயா! எல்லைக்காரய்யா! எம்புள்ளய்யா!" என்று அவள் நெஞ்சில் அறைந்துகொண்டு கத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் நாக்குக்கு அடியில் கிடந்ததை எடுத்து, ஆபீசே கேட்கும்படி, பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள்: கல் கழுத்து நறநறத்தது, தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது. எட்டடிச் சாமி ஊரைப் பார்த்தார். பார்த்த பார்வையில் திரி ரூம் தீ பாயைச் சுருட்டினாற்போலச் சுருண்டு மூலைக்குப் போய் ஒடுங்கியது. ரோஜா பெட்டிகளை எட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தலையில் வைத்த கனகாம்பரம்கூடக் கருகவில்லை.

சாமி திரும்பியிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், பல தலைமுறையாகக் கரட்டில் காத்துக் கிடந்தது எல்லையைத் தாண்டி உள்ளே வந்தது. அதற்கு ஊரில் பெயர் கிடையாது. கன்றுக்குட்டி உயரம், நாய் ஜாடை, நிறம் இன்னதென்று சொல்ல முடியாது. தெருவழியே யாரையும் சட்டை செய்யாமல் நடந்து கருப்பம்மாள் வீட்டுக்குள் போனது. ராத்திரி முழுக்க லோடு ஏற்றிவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த அவளுடைய மூத்த மகன் முனியராஜின் கன்னத்தை ஒரு தடவை நக்கியது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. முனியராஜ் உடம்பில் ஒரு கீறல் இல்லை. கன்னம் மட்டும் ஈரமாக இருந்தது. பிணத்தைத் தூக்கும்வரைக்கும் அது காயவில்லை.

ஊர்க்கூட்டம் மூன்று நாள் நடந்தது. கருப்பம்மாள் தலைமயிரை விரித்துப் போட்டுக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்தாள். "ஒம்மவ பொழைக்க எம்மவன் வாசல்லயா வழி வெட்டுனே? நீ நல்லாருப்பியாடி?" என்றாள். செல்லச்சாமி தலையைக் குனிந்தபடி, "பேரு கூப்பிடுறதுக்கு இல்லப்பா, காக்குறதுக்கு. காவக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பத்தான செய்வாக. அவுக மேல தப்பில்ல. கூப்பிட்டவ மேலதான் தப்பு" என்றார். பெண்டாட்டி என்று பார்க்கவில்லை. சோலையம்மாள் விடவில்லை. "ஐயா ஐயான்னா எந்த ஐயா திரும்புவாக? மொதலாளியும் ஐயா, வாச்மேனும் ஐயா, தாலுகா ஆபீஸ்ல பேனா பிடிச்சவுக அம்புட்டுப் பேரும் ஐயா. கூப்பிடக் கூடாத பேரை எதுக்கு வச்சிருக்கீக? கூப்பிட்டேன், வந்தாக. எம்மவ இந்தா ஒக்காந்திருக்கா." பேரைச் சொல்லலாமா கூடாதா என்று மூன்று நாளும் தொண்டை வற்றப் பேசினார்கள். வாசலை மறித்த அட்டைப்பெட்டியைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்க வேண்டுமே! முடிவாக, உயிருக்கு உயிர் என்று, ரோஜாவைக் கருப்பம்மாளின் இளைய மகன் சோலைமலைக்குக் கட்டிக்கொடுக்கத் தீர்ப்பாயிற்று. செல்லச்சாமி வீட்டுக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டார். அதன்பிறகு துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கன்னங்கள் உப்பியபடியே ஆறு வருடம் நடமாடினார்.

கூட்டம் என்ன சொன்னால் என்ன, வெளியே வந்த பெயர் உள்ளே போகுமா? ஆபீசில் அன்றைக்கு இருந்த அத்தனை பெண்களும் அதைக் கேட்டிருந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டாள். சாமி திரும்பினார், காய்ச்சல் விட்டது, கீழத்தெருவில் ஒரு கிழவன் கன்னம் ஈரமாகிச் செத்தான். ஒருத்தன் பல்வலிக்குக் கூப்பிட்டான். வலி போயிற்று, மேலத்தெருவில் ஒரு கைக்குழந்தை போயிற்று. பயப்படுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? கொஞ்சநாள் பயந்தார்கள். பிறகு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: கூப்பிட்டவர் வீட்டை அது தொடுவதில்லை. அதோடு பயம் போனது, பக்தி வந்தது. விடிந்ததும் விடியாததுமாக வீட்டுக்கு வீடு வாசலில் நின்று கும்பிட்ட கையோடு சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். வரம் கேட்டு இல்லை. வந்தால் அடுத்த வீட்டுக்குப் போகட்டும் என்றுதான். முதுகுக்குப் பின்னால் கும்பிட்ட காலத்தைவிட இப்போதுதான் சாமி நெருங்கி வந்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

கூப்பிடாத வீடு ஒன்றே ஒன்று. "எம்மவனைத் தின்ன பேரை என் வாயால சொல்லுவனா? சொன்னா நாக்கு அழுகிப் போகும்" என்று கருப்பம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். அது அவளுடைய கறவை மாட்டை நக்கியது, அடுத்த வருடம் புருசனை நக்கியது. அப்போதும் அவள் சொல்லவில்லை. அந்த வீட்டில்தான் ரோஜா இருந்தாள். கட்டிக்கொடுத்த பெண் அந்த வீட்டுக் கணக்கு. தாய் தன் வாசலில் எவ்வளவு கூப்பிட்டாலும் மகளுக்குச் சேராது. சோலையம்மாள் குழாயடியில் மகளை மடக்கி, "நீயாச்சும் களவாச் சொல்லிருடீ, வாய்க்குள்ளயே சொல்லிரு, ஒன்னக் கும்பிட்டுக் கேக்கேன்" என்று கெஞ்சுவாள். ரோஜா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அத்தை மனசு நோகும்மா. அவுக ஒரு பிள்ளையப் பறி குடுத்துத்தான நான் உசுரோட திரியுதேன். நான் சொல்ல மாட்டேன்" என்பாள். நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளைகளுக்கு இந்த ஊரில் என்ன நடக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

சண்முகவேல் முதலாளி இதற்குள் பெரிய பக்தராகிவிட்டார். சிவகாசியில் ஒரு அச்சாபீசில் சாமிக்கு நூற்றெட்டுப் போற்றி அடிக்கக் கொடுத்தார், ஒவ்வொரு போற்றியிலும் சொந்தப் பெயருடன். புத்தகம் கட்டி முடித்து மறுநாள் பிரித்தால், பெயர் வந்த இடமெல்லாம் காகிதம் எரிந்து ஓட்டையாக இருந்தது. செல்லச்சாமி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, வாயில் தண்ணீரோடு, ஒரே ஒரு தடவை சிரித்தார். அடுத்த வருடம் மறுபடி அடித்தபோது அந்த இடம் பழுப்பாக மட்டும் ஆயிற்று. மூன்றாம் வருடம் ஒன்றும் ஆகவில்லை. சந்தனமும் புகையிலையும் விற்கிற விளம்பரத்தைப் போலப் பெயர் சமர்த்தாகப் படிந்து கிடந்தது. அதற்குமேல் யோசிப்பாரா முதலாளி? சரவெடிக் கட்டு, மத்தாப்புப் பெட்டி, தினசரிக் காலண்டர் எல்லாவற்றிலும் சாமி பெயரைப் போட்டார். சரக்கு பறந்தது. மதுரையிலும் சூரத்திலும் பாட்னாவிலும் கடை கடையாகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள்.

சாமி என்ன செய்வார் பாவம்! யார் கூப்பிட்டாலும் திரும்புகிறவர். மேற்கே கூப்பிட்டார்கள், திரும்பினார். கிழக்கே கூப்பிட்டார்கள், திரும்பினார். இரண்டாயிரத்து நான்காம் வருடம் தீபாவளிக்கு முதல்நாள் நின்ற இடத்திலேயே சங்குசக்கரமாகச் சுற்ற ஆரம்பித்தார். தீபாவளி முடிந்தும் நிற்கவில்லை. ஒரு வாரம் ஜனம் வேன் பிடித்து வந்து பார்த்தது. பிறகு பழகிவிட்டது. சுற்றுகிற வேகத்தில் நல்ல காற்று வந்ததால் பெண்கள் அங்கே மிளகாய் வற்றல் காயப்போட்டார்கள். காவல் என்று ஒன்று இல்லாமல் போய், கரட்டில் கிடந்தது டவுன் பஸ் மாதிரி நேரத்துக்கு வந்து போயிற்று. ஊரில் சாவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இரண்டாயிரத்து ஏழில் மறுபடி சீசன், மறுபடி லாரி தாமதம், மறுபடி வாசலில் அட்டைப்பெட்டி. ரோஜா அப்போது ஏழு மாதம். ஓய்வாக இரு என்று திரி ரூமில் உட்கார்ந்த வேலை கொடுத்திருந்தார்கள். சோலையம்மாள் எல்லையில் வற்றல் அள்ளிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் பக்கம் புகை எழுந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முறத்தைப் போட்டுவிட்டுச் சாமிக்கு நேரே போய் நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சாமி முகம் அவளுக்கு எதிரே வந்தது. கல் கண்ணில் அவளைத் தெரிந்துகொண்ட அடையாளம் இருந்தது. நிற்கத்தான் பார்த்தார், குதிகாலை ஊன்றினார், மண் கிழிந்தது, தீப்பொறி பறந்தது. நிற்க முடியவில்லை, முகம் போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி கூப்பிட்டாள், மறுபடி போய்விட்டது. "நில்லுமய்யா! ஒரு நிமிசம் நில்லுமய்யா! மொத மொதக் கூப்பிட்டவ நான்தானய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

வந்தது சாமி இல்லை, கரட்டில் கிடந்த அதுதான். இத்தனை வருடமும் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோதெல்லாம் அதற்குத் தீனி கிடைத்திருக்கிறது. எந்த நாயும் தன் பெயரைக் கற்றுக்கொள்கிற விதம் அதுதானே? கரட்டிலிருந்து ஓடி வந்து சோலையம்மாள் காலடியில் நின்று வாலை ஆட்டியது. அவள் கையெடுத்துக் கும்பிட்டு, "போகாத, அங்கன போகாத" என்றாள். பெயரைத் தவிர வேறு பேச்சு அதற்குத் தெரியாது. முதல் தடவை நுழைந்த கருப்பம்மாள் வீட்டில் கடன் இன்னும் பாக்கி என்று நினைத்ததோ என்னவோ, கூப்பிடாத அந்த வீட்டுக்கு உரிய உயிரைத் தேடி நேரே புகைக்குள் போனது. தீ அடங்கிய பிறகு பெட்டிகளை விலக்கிப் பார்த்தார்கள். கூரை இல்லை, சுவர் கருத்திருந்தது. ரோஜா மூலையில் வயிற்றைப் பிடித்தபடி சாய்ந்திருந்தாள். ஒரு தீக்காயம் இல்லை. கன்னம் மட்டும் ஈரமாக இருந்தது. செல்லச்சாமி வந்து பார்த்து, அழ வாயைத் திறந்தார். ஆறு வருடத் தண்ணீர் கொட்டியது. ஆபீஸ் முழுக்க முழங்கால் அளவுக்கு நின்றது, தீ அணைந்து ஒரு மணி நேரம் கழித்து. முதலாளி சரக்கு நனைந்துவிட்டது என்று வருத்தப்பட்டார்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். இந்தத் தடவை ஒரு நாளில் முடிந்தது. கூப்பிட்டால் வருவதுதான் சாமி, அது வருகிறது, ஆகவே பெயர் அதற்குத்தான் என்று தீர்மானமாயிற்று. அட்டைப்பெட்டியைப் பற்றிப் பேச நேரமில்லை. கரட்டு ஜீவனுக்குக் கோயில் கட்டியாயிற்று, போற்றிப் புத்தகத்தில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கல் சாமி எல்லையில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார். மிளகாய்க்கு அந்தக் காற்று நல்லது.

சோலையம்மாள் அதன்பிறகு அந்தப் பெயரைச் சொல்வதில்லை. தன் வீட்டைக் காத்தது போதும், தன்னையும் கொண்டு போகட்டும் என்று விடியலில் கதவைத் திறந்து போட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து கன்னத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அது தினமும் முதலில் அவள் வாசலுக்குத்தான் வருகிறது. முதல் சோறு வைத்தவளை நாய் மறக்குமா? அவள் பாதத்தில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் படுத்திருக்கும். "நக்குலே, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்பாள். அது எழுந்து, வாலை ஆட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகும். அடுத்த வீட்டில் அதற்குள் எழுந்து கூப்பிட்டிருப்பார்கள்.